பாட்டி பிறந்த ஊர் எது?

2025 ஜூன் 10, புக்கிட் ஜாலில் தேசிய அரங்கம். ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் வியட்நாமை 4-0 எனத் தோற்கடித்தது நம் ஹரிமாவ் மலாயா அணி. அந்த நான்கு கோல்களையும் அடித்தவர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: ஜோவாவ் ஃபிகேரெடோ, ரொட்ரிகோ ஹொல்காடோ, லவெர் கோர்பின்-ஓங், டியோன் கூல்ஸ். நால்வரில் ஒருவர்கூட மலேசியாவில் வளர்ந்தவர் இல்லை. ஒரே ஒருவர்தான் இங்கே பிறந்தவர்.

அடுத்து நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். செப்டம்பரில் ஃபிஃபாவின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு தீர்ப்பளித்தது. ஃபிகேரெடோ, ஹொல்காடோ உட்பட ஏழு ஆட்டக்காரர்களுக்காக மலேசியக் காற்பந்துச் சங்கம் சமர்ப்பித்த ஆவணங்கள் போலியானவை என்றது. எழுவரின் தாத்தாவோ பாட்டியோ மலாக்கா, பினாங்கு, ஜொகூர், சரவாக் ஆகிய இடங்களில் பிறந்ததாக அந்த ஆவணங்கள் கூறின. ஃபிஃபா தேடி எடுத்த மூலப் பிறப்புப் பத்திரங்களோ அர்ஜென்டினா, பிரேசில், ஸ்பெயின், நெதர்லாந்து என்றன. சங்கத்துக்கு 350,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதம்; ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் 2,000 ஃபிராங்க் அபராதமும் 12 மாதத் தடையும். நவம்பரில் மேல்முறையீடும் தள்ளுபடியானது. பிறகு விவகாரம் சுவிட்சர்லாந்தின் லாசான் நகரிலுள்ள விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனது.

அந்தத் தீர்ப்பைவிட, அதற்குப் பிறகு என் வகுப்பு நண்பர்கள் பேசியதுதான் என்னை இதை எழுத வைத்தது. "வெளியில் பிறந்தவனே வேண்டாம், இங்கே பிறந்தவன் மட்டும் ஆடட்டும்" என்று பலரும் சொன்னார்கள். கோபம் நியாயமானது. ஆனால், அது போய்ச் சேரும் இடம் தவறு என்று நினைக்கிறேன். மூன்றாவது, நான்காவது கோல்களை அடித்தவர்களைப் பாருங்கள். கோர்பின்-ஓங் லண்டனில் பிறந்தவர். தாயார் மலேசியச் சீனர். கூல்ஸ் கூச்சிங்கில் பிறந்து, கைக்குழந்தையாக பெல்ஜியத்துக்குப் போய், அங்கேயே வளர்ந்து, அந்நாட்டு இளையர் அணிகளுக்கு ஆடியவர். 2021இல்தான் மலேசியச் சட்டையை அணிந்தார். இவர்களுக்காக யாரும் யாருடைய பாட்டியையும் புதிதாகப் பிறப்பிக்க வேண்டியிருக்கவில்லை. அன்றைய நான்கு கோல்களில் இரண்டு ஒரு வகை, இரண்டு வேறு வகை. இரண்டையும் ஒரே சாக்கில் கட்டிவிடக் கூடாது.

ஃபிஃபாவின் விதி என்ன சொல்கிறது? முதலில் குடியுரிமை வேண்டும். அது இல்லாமல் எதுவும் நடக்காது. புதிதாக ஒரு நாட்டின் குடியுரிமையைப் பெற்றவராக இருந்தால், கூடுதலாக ஏதேனும் ஓர் ஒட்டு வேண்டும்: ஆட்டக்காரர் அந்நாட்டில் பிறந்திருக்க வேண்டும், அல்லது பெற்ற தாய் தந்தையரில் ஒருவர், அல்லது தாத்தா பாட்டியரில் ஒருவர் பிறந்திருக்க வேண்டும். எதுவும் இல்லையென்றால் அங்கே ஆண்டுக்கணக்கில் வாழ்ந்திருக்க வேண்டும். பதினெட்டு வயதுக்கு மேல் குடியேறியவருக்கு அது ஐந்து ஆண்டு.

இந்த "ஒட்டு" விதி ஃபிஃபாவுக்கு ரத்த பந்தத்தின் மேல் ஏற்பட்ட பாசத்தால் வந்ததல்ல. 2004இல் கத்தார், ஜெர்மனியில் ஆடிக்கொண்டிருந்த ஐல்டன் போன்ற பிரேசில்காரர்களைத் தன் தேசிய அணிக்கு இழுக்கப் பார்த்தது. அவர்களுக்கும் கத்தாருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தேசிய அணியும் பணம் கொடுத்து ஆள் வாங்கும் கிளப்பாக மாறிவிடும் என்ற பயத்தில் ஃபிஃபா அவசரமாகத் தடுப்புப் போட்டது. அந்தத் தடுப்பில் ஒரு கம்பிதான் பாட்டி பிறந்த ஊர். பணத்தால் வாங்க முடியாத ஒன்று வேண்டும் என்று தேடி, பிறப்புப் பத்திரத்தைப் பிடித்தார்கள். அந்தப் பத்திரத்தையே திருத்திவிட்டால் மீதி என்ன இருக்கிறது? ஏழு பேர் விவகாரத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிவது இதுதான். அபராதத் தொகை எல்லாம் அதற்குப் பிறகு.

உண்மையான ஒட்டு இருப்பவர்கள் நாட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி இருக்கும்? ஒரே வீட்டில் இரண்டு பதில்கள் வரலாம். போட்டெங் சகோதரர்கள் இருவரும் பெர்லினில் பிறந்தவர்கள். தந்தை ஒருவரே, கானா நாட்டவர். தாயார் வேறு வேறு. 2010 உலகக் கிண்ணத்தில் ஜெரோம் ஜெர்மனிக்கும் கெவின்-பிரின்ஸ் கானாவுக்கும் எதிரெதிராக ஆடினார்கள். ஜெர்மனி 1-0 என வென்றது.

எனக்கு அதைவிடப் பிடித்தது வில்லியம்ஸ் சகோதரர்களின் கதை. இவர்களின் பெற்றோர் கானாவிலிருந்து புறப்பட்டு, சஹாரா பாலைவனத்தில் நடந்து, மெலில்லாவின் வேலியைத் தாண்டி ஸ்பெயினுக்குள் நுழைந்தவர்கள். அப்போது தாயின் வயிற்றில் இருந்தவர்தான் மூத்த மகன் இன்யாகி. அவர் பிறந்தது பில்பாவோவில். பாஸ்க் மண்ணில் பிறந்தவர்களையோ வளர்ந்தவர்களையோ மட்டுமே சேர்க்கும் அத்லெத்திக் பில்பாவோ கிளப்பின் அடையாளமாகவே ஆகிவிட்டார். 2016இல் ஸ்பெயினுக்காக ஒரே ஒரு நட்புமுறை ஆட்டம். பிறகு அழைப்பு வரவில்லை. 2022இல் கானாவைத் தேர்ந்தெடுத்து, அவ்வாண்டு உலகக் கிண்ணத்திலும் ஆடினார். தம்பி நிக்கோ ஸ்பெயினிலேயே இருந்தார். யூரோ 2024 இறுதியாட்டத்தில் இங்கிலாந்துக்கு எதிராக முதல் கோலை அடித்தவர் அவர்தான்.

இதில் யார் துரோகி? அண்ணனா, தம்பியா? "ஸ்பெயின் கூப்பிடவில்லை, அதனால்தான் கானாவுக்குப் போனார்" என்று இன்யாகியைக் குறைசொல்பவர்கள் உண்டு. இருக்கட்டுமே. நாம் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காமல் வேறொன்றில் சேர்ந்தால், இரண்டாவதை மனதார நேசிக்க முடியாதா என்ன? ஆடப் போன இடத்தில் அவர் யாரையும் ஏமாற்றவில்லை. அவர் பெற்றோர் எங்கிருந்து நடந்து வந்தார்கள் என்பதை எந்தத் தாளும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

ஆனால், எல்லாருக்கும் இப்படி இரண்டு கதவு திறந்திருப்பதில்லை. பக்கத்துச் சிங்கப்பூரில் பென் டேவிஸ் 17 வயதில், 2018இல், ஃபுல்ஹாம் கிளப்பில் ஒப்பந்தமானார். தேசிய சேவையைத் தள்ளிவைக்கும் விண்ணப்பத்தைத் தற்காப்பு அமைச்சு ஏற்கவில்லை. தாயார் தாய்லாந்துக்காரர், பிறந்தது புக்கெட்டில். பின்னாளில் அவர் அணிந்தது தாய்லாந்துச் சட்டை. சிங்கப்பூரைப் போலவே நம் நாடும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஐரோப்பியப் பிள்ளை இரண்டு கடப்பிதழையும் பையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறான். நம் வட்டாரத்தில் ஒன்றை எடுத்தால் மற்றதைக் கீழே வைக்க வேண்டும்.

சரி, நம் கதைக்கு வருவோம். ஃபிஃபா கணக்கை என் குடும்பத்துக்குப் போட்டுப் பார்த்தேன். கொள்ளுத்தாத்தா சேலம் பக்கத்திலிருந்து கப்பலேறியவர். ஆனால் கொள்ளுத்தாத்தா வரை ஃபிஃபா போவதில்லை. தாத்தா பாட்டியோடு நின்றுவிடும். என் தாத்தா பாட்டி நால்வரும் இங்கே பிறந்தவர்கள். ஆக, காற்பந்தைப் பொறுத்தவரை நான் நூறு விழுக்காடு மலேசியன். (என் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் இந்தக் கணக்கே வீண் என்பார்கள்.) தாத்தா நாகப்பட்டினத்தில் பிறந்த என் நண்பனுக்கு இந்தியாவோடு ஒட்டு உண்டு. ஆனால் இந்தியா தன் குடிமக்களை மட்டுமே அணியில் சேர்க்கும். ஜப்பானில் பிறந்த இசுமி அராத்தா ஜப்பானியக் குடியுரிமையைத் துறந்த பிறகே 2013இல் இந்தியாவுக்கு ஆட முடிந்தது.

இப்போது பாட்டியின் பத்திரம். என் அம்மாவின் அம்மா ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பிறந்த தேதியை யாரும் எழுதி வைக்கவில்லை. பல ஆண்டு கழித்துப் பதிவு செய்தபோது, தோட்டக் கிராணி உத்தேசமாகச் சொன்ன தேதிதான் இன்றும் அவர் அடையாள அட்டையில் இருக்கிறது. எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் அந்த உத்தேசத் தேதிக்குத்தான் கேக் வெட்டுகிறோம். பாட்டிக்குப் பதிவு கிடைத்தது. தாமதமாகக்கூடக் கிடைக்காமல் போனவர்கள் நம் சமூகத்தில் எத்தனையோ பேர். இந்த மண்ணிலேயே பிறந்து, சிவப்பு அடையாள அட்டையோடு முதுமை அடைந்தவர்களை நம் ஒவ்வொருவருக்கும் தெரியும்.

வெளிநாட்டவர் ஒருவர் குடியுரிமை பெற, 12 ஆண்டுகளில் மொத்தம் 10 ஆண்டு இங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது கூட்டரசு அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு. ஏழு ஆட்டக்காரர்களுக்கும் தமக்குள்ள அதிகாரத்தைப் பயன்படுத்தியதாக உள்துறை அமைச்சர் நாடாளுமன்றத்தில் விளக்கினார். வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு மலேசியத் தந்தை வழியாக வந்த குடியுரிமை, மலேசியத் தாய் வழியாகவும் வருவதற்கான திருத்தம் மக்களவையில் நிறைவேறியதே 2024 அக்டோபரில்தான். அதுவரை ஃபிஃபாவுக்குப் பாட்டி போதும். நம் சட்டத்துக்கு அம்மாவே போதவில்லை.

இடைநிலைப்பள்ளியில் எங்கள் அணியின் இடது ஓர ஆட்டக்காரன் ஒருவன் இருந்தான். கிள்ளானில் பிறந்தவன், தமிழ்ப்பள்ளியிலும் என் வகுப்புத்தான். தந்தை மலேசியர், தாய் இந்தோனேசியர். அவர்கள் திருமணத்தைப் பதிவு செய்யும் முன்பே இவன் பிறந்துவிட்டதால், சட்டம் இவனைத் தாயின் கணக்கில் சேர்த்துவிட்டது. பிறப்புப் பத்திரத்தில் "புக்கான் வார்கநெகாரா", அதாவது குடிமகன் அல்லர் என்று இருக்கும். மாவட்ட அணித் தேர்வுக்கான படிவத்தில் அடையாள அட்டை எண் கேட்ட கட்டத்தை அவன் காலியாக விட்டுக் கொடுத்தான். பிறகு யாரும் கூப்பிடவில்லை. அவன் தாயின் நாடான இந்தோனேசியா, நெதர்லாந்தில் பிறந்த ஜே இட்செஸ் போன்றவர்களைத் தேடிப் பிடித்துத் தேசிய அணியில் சேர்த்துக்கொண்டிருக்கிறது. இவனோ அந்த நாட்டையே பார்த்ததில்லை.

இப்போது அவன் ஷா ஆலாமில் கார் கழுவும் கடையில் வேலை செய்கிறான். வார இறுதியில் ஃபுட்சால். அவன் இடது கால் இன்னும் அப்படியே இருக்கிறது. 21 வயதுக்குட்பட்டவர்களைச் சிறப்புச் சூழலில் குடிமக்களாகப் பதிவு செய்ய அரசாங்கத்துக்கு அதிகாரம் தரும் 15ஏ பிரிவின் கீழ் இரண்டாவது முறையாக விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறான். 21 நிறைய இன்னும் ஏழு மாதம்.