பின்வரிசைக்கு முன்னால் நிற்பவர்

2018 மார்ச் 17 அன்று பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா ஸ்டேடியத்தில் சென்னையின் எஃப்.சி. 3-2 என்று பெங்களூரு எஃப்.சி.யை வென்று இரண்டாவது முறையாக ஐ.எஸ்.எல். கால்பந்துக் கோப்பையைத் தூக்கியது. அந்த இறுதியாட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் மைல்சன் ஆல்வெஸ் அடித்த இரண்டு கோல்களும், 67ஆவது நிமிடத்தில் ரஃபேல் அகஸ்டோ அடித்த மூன்றாவதும்தான் முதலில் வரும். அன்று நடுக்களத்தில் பின்வரிசைக்கு முன்னால் நின்று ஆடியவர் வியாசர்பாடிப் பையன் தன்பால் கணேஷ். வடசென்னைக் கல்மண்டபத்திலிருந்து பார்த்தால் வியாசர்பாடி வண்ணாரப்பேட்டையைத் தாண்டினால் வந்துவிடும் ஊர்தான். கன்டெய்னர் லாரிகளுக்கும் ரயில் தண்டவாளங்களுக்கும் நடுவில் கிடைத்த இடத்தில் பந்தை உதைத்துப் பழகும் வடசென்னைப் பிள்ளைகளுக்கு, தங்களைப் போன்ற ஒருவர் நாட்டின் பெரிய லீக்கை வென்ற அணியில் நின்றார் என்பதே போதுமான சேதி. ஆனால் அவர் எந்த இடத்தில் நின்றார் என்பது அதைவிட முக்கியம் என்பது என் எண்ணம். அந்த ஆண்டு அணி மேலே வந்ததன் ரகசியம் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். 2016 பருவத்தில் எட்டு அணிகளில் ஏழாவதாக முடித்த சென்னையின், 14 ஆட்டங்களில் 20 கோல் அடித்தது, 25 வாங்கியது. 2017-18இல் பத்து அணிகளில் இரண்டாவதாக வந்தது. அப்போது 18 ஆட்டங்களில் 24 அடித்து 19 வாங்கியது. ஆட்டத்துக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். அடித்தது 1.43இலிருந்து 1.33 ஆகக் கொஞ்சம் குறைந்தேயிருக்கிறது. வாங்கியதோ 1.79இலிருந்து 1.06க்கு இறங்கிவிட்டது. ஏழாம் இடத்து அணி கோப்பை அணியாக மாறிய இடைவெளியில் ஆட்டத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில் முன்வரிசை கூடுதலாக எதுவும் தந்துவிடவில்லை. மாற்றம் முழுக்கப் பின்பாதியில் நடந்தது. அந்தப் பருவத்தில் லீக்கிலேயே அதிகமாக 42 கோல் அடித்த அணி எஃப்.சி. கோவா. 18 கோலுடன் தங்கக் காலணியைப் பெற்ற கோரோமினாஸ் அந்த அணியில்தான் இருந்தார். அதே கோவாவால், அரையிறுதியின் இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து சென்னையினுக்கு எதிராக அடிக்க முடிந்தது ஒரே ஒரு கோல். இரண்டாவது ஆட்டத்தில், தன் சொந்த மைதானத்தில், சென்னையின் 3-0 என்று வென்றது. அதில் 29ஆவது நிமிடத்துக் கோல் கணேஷுடையது என்பது கூடுதல் மகிழ்ச்சி. என்றாலும் அவருடைய மதிப்பை அந்தக் கோலை வைத்து அளந்தால் தவறிவிடுவோம்.

பின்வரிசைக்கு முன்னால் இப்படி நின்று ஆடுபவரை டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர் என்கிறார்கள். எதிரணியின் பாஸ் எங்கே போகப்போகிறது என்பதை அவர்களுக்கு முன்பே படித்து, அந்த வழியில் போய் நிற்பதுதான் இவர் வேலை. பந்தைப் பறிப்பது அதற்குப் பிறகு வருவது. சரியான இடத்தில் நின்றுவிட்டால் பறிக்கவே தேவையிருக்காது, எதிராளி வேறு பக்கம் திருப்பிவிடுவார். ஸ்டாப்பர்கள் இருவரும் முன்னேறிப் போய் ஏமாறாமல் தங்கள் கோட்டிலேயே நிற்க முடிவது இவர் முன்னால் இருப்பதால். இரண்டு விங் பேக்குகளும் துணிந்து மேலே ஏறுவதும் அதனால்தான். கையாலும் விளையாடும் அமெரிக்கக் கால்பந்தில் ஏறத்தாழ இதே பொறுப்பைச் சுமப்பவருக்கு லைன்பேக்கர் என்று பெயர். முன்வரிசைத் தடுப்பாளர்களுக்குப் பின்னால் நின்று, எதிரணியின் திட்டத்தைப் படித்து, ஓடி வருபவரை மடக்குபவர். அங்கே கல்லூரி அளவில் சிறந்த லைன்பேக்கருக்கென்றே பட்கஸ் விருது 1985 முதல் கொடுக்கிறார்கள். அந்த இடத்துக்குத் தனி விருது வைக்கிறார்கள் என்றால், அந்த வேலையை எப்படிப் பார்ப்பது என்று ரசிகருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் பொருள்.

மறுப்புகள் இல்லாமல் இல்லை, அவை வலுவானவையும் கூட. 2016இலும் கணேஷ் இதே அணியில்தானே இருந்தார், அப்போது ஏன் ஏழாமிடம் என்று கேட்கலாம். மார்கோ மாத்தராஸி போய் ஜான் கிரெகரி பயிற்சியாளராக வந்தது 2017இல். செரேனோ, கால்தெரோன் போன்ற அனுபவசாலிகள் பின்வரிசைக்கு வந்ததும் அப்போதுதான். களத்தில் குறைந்தது ஆறு இந்தியர்கள் ஆட வேண்டும் என்று விதி மாறியதும் அதே பருவத்தில். இவையெல்லாம் உண்மை. ஆனால் இவை என் வாதத்துக்கு எதிராக நிற்பதாகத் தோன்றவில்லை. விதி மாறியதால் ஒவ்வோர் அணியும் கூடுதலாக ஓர் இந்தியரை எங்கேயாவது வைத்தாக வேண்டியிருந்தது. நடுக்களத்தின் பின்பகுதியை இந்தியக் கால்களிடம் நம்பி ஒப்படைத்த அணிக்குத்தான் வெளிநாட்டு இடங்களை ஸ்டாப்பர்களுக்கும் தாக்குபவர்களுக்கும் செலவிட முடிந்தது. கிரெகரியின் பெருமை, அந்த ஒப்படைப்பைத் துணிந்து செய்ததில் இருக்கிறது. கணேஷின் பெருமை, அதைத் தாங்கியதில்.

அடுத்த பருவம் என்ன சொல்கிறது என்பது இன்னும் கவனிக்க வேண்டியது. முழங்கால் காயத்தால் 2018-19 லீக்கில் கணேஷ் ஆடவில்லை. பயிற்சியாளர் அதே கிரெகரி. மைல்சனும் கால்தெரோனும் இருந்தார்கள். நடப்புச் சாம்பியன் 18 ஆட்டங்களில் 32 கோல் வாங்கி, 9 புள்ளிகளோடு கடைசி இடத்துக்குப் போய் விழுந்தது. ஆட்டத்துக்கு 1.78. கிட்டத்தட்ட 2016இன் அதே எண். இதை முழுக்க ஒருவர் இல்லாததன் விளைவு என்று சொல்வது நியாயமில்லை. செரேனோ போய்விட்டார், முன்வரிசை ஆட்டக்காரர் ஜேஜே கோல் வறட்சியில் சிக்கினார், 16 கோலுக்கு மேல் அணியால் அடிக்கவும் முடியவில்லை. ஒரு காரணத்தில் ஒரு சரிவை அடக்கிவிட முடியாது. ஆனால் இதே வரிசை வேறு ஊர்களிலும் திரும்பத் திரும்ப வருகிறதே. 2014-15இல் 41 புள்ளியோடு 14ஆம் இடத்திலிருந்த லெஸ்டர், கணேஷின் இடத்தில் ஆடும் என்கோலோ கான்டே வந்த அடுத்த பருவத்தில் 81 புள்ளியோடு இங்கிலாந்துச் சாம்பியன். அவர் செல்சிக்குப் போனார். பத்தாம் இடத்திலிருந்த செல்சி சாம்பியனாக, லெஸ்டர் 12ஆம் இடத்துக்கு இறங்கியது. 2003இல் அதே இடத்து ஆட்டக்காரர் மேக்கலேலேயை விற்ற ரியல் மாட்ரிட், எத்தனையோ நட்சத்திரங்களை வைத்திருந்தும் 2007 வரை லீக்கை வெல்லவில்லை.

வேறு வழியும் உண்டு என்பதை மறைக்கக்கூடாது. 2019-20இல் சென்னையின் மறுபடி இறுதிக்கு வந்தது, இம்முறை கோல் மழையால். 15 கோல் அடித்த வால்ஸ்கிஸ் அந்த வழிக்குத் தலைமை தாங்கினார். அணி மொத்தம் 32 அடித்தது, 26 வாங்கியது, நான்காம் இடம். ஆளில்லாத கோவா மைதானத்தில் நடந்த இறுதியில் ஏ.டி.கே.யிடம் 1-3 என்று தோற்றது. ஓர் ஆட்டத்தை வைத்து எதையும் நிறுவ முடியாதுதான். ஆனால் 2018இன் கோப்பை அணி அடித்ததைவிட எட்டுக் கோல் அதிகம் அடித்த அணி, புள்ளிக் கணக்கில் அதைவிட மூன்று குறைவாக நின்றது என்பது லீக் முழுவதற்குமான கணக்கு.

இதனால்தான் வடசென்னைப் பயிற்சியாளர்களிடம் ஒரு கோரிக்கை. வியாசர்பாடியை குட்டி பிரேசில் என்று அன்போடு கூப்பிடுகிறோம். அந்தப் பெயரிலேயே ஒரு சாய்வு இருக்கிறது: பந்தைக் காலில் வைத்து நாலு பேரைத் தாண்டும் பிள்ளைதான் நம் கண்ணில் முதலில் படுகிறான். மற்றவன் மிச்சம் இருக்கும் இடத்துக்குப் போகிறான், பெரும்பாலும் பின்னால். பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் நடக்கும் செவன்ஸ் போட்டிகளில் அதிக கோல் அடித்தவருக்கும் சிறந்த கோல்கீப்பருக்கும் கோப்பை இருக்கிறது. ஸ்கோர் நோட்டில் கோலும் கார்டும் ஏறுகின்றன, பறித்த பந்துக்குப் பத்தி இல்லை. கோட்டுக்கு வெளியே நோட்டோடு ஒரு பெரிய பையனை உட்காரவைத்து, ஒவ்வோர் ஆட்டத்திலும் யார் எத்தனை பந்தை மறித்தார் என்று எண்ணச் சொன்னாலே போதும். அதற்கு ஒரு பேனாவும் ஒரு கோப்பையும்தான் செலவு.