சங்கங்களும் ஜனங்களும்

"இதனால் எனக்கென்ன லாபம்?" என்பதே நமது நாட்டில் எந்தச் சங்கத்தின் வாயிலிலும் முதன் முதல் எழும் கேள்வி. ஊரில் ஒரு வாசகசாலை வைக்க நாலு பேர் கூடினாலும், விவசாயிகள் கூட்டுறவுச் சங்கமொன்று காண முயன்றாலும், தெருச் சாக்கடையைச் சீர்ப்படுத்தும்படி நகரசபையைக் கேட்கக் குடியிருப்போர் ஒன்று சேர்ந்தாலும், கையெழுத்து வாங்க வருவோரிடம் பெரும்பாலோர் விடுக்கும் வினா இதுவே. இதனைச் சுயநலமென்று இகழ்ந்து தள்ளுவாரும் உளர். நாம் அவ்வாறு தள்ளோம். உழைத்துப் பிழைக்கும் ஒருவன் தன் பொழுதையும் பொருளையும் பொதுக் காரியமொன்றிற்குக் கொடுக்குமுன், அதனால் வரும் பயன் யாதென்று கேட்பது நியாயமே. அக்கேள்விக்குச் சரித்திரம் தரும் விடையை ஆராய்வோம்.

இருபத்தெட்டுப் பேர்

இங்கிலாந்தின் வட பகுதியில் ராச்டேல் என்றோர் ஊர் உண்டு. அங்கு 1844-ம் வருஷத்தில் நெசவாளர் முதலிய தொழிலாளர் இருபத்தெட்டுப் பேர் சேர்ந்து ஒரு சங்கம் கண்டனர். கூலி குறைவு, கடைச் சரக்கிலோ கலப்படம், எடையிலோ மோசம், கடன் பட்டவனுக்குக் கடையை மாற்றும் சுதந்தரமும் இல்லை. இத்துன்பங்களை அவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியே பல காலம் அனுபவித்தவர்களே. வாரந்தோறும் சிறுகச் சிறுகச் சேர்த்து, தலைக்கு ஒரு பவுன் வீதம் இருபத்தெட்டுப் பவுன் மூலதனம் திரட்டி, அவ்வருஷம் டிஸம்பர் மாதம் 21-ந் தேதி ஒரு சிறு கடை திறந்தனர். வெண்ணெய், சர்க்கரை, கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவர்த்தி இவையே அக்கடையின் முதற் சரக்கு.

அவர்கள் வகுத்த விதிகளே அவர்களது பெருமை. பங்கு எத்தனையாயினும் ஒருவருக்கு ஒரே வோட்டு. சரக்கு சுத்தமானதாகவும் எடை சரியானதாகவும் இருத்தல் வேண்டும். மிஞ்சும் லாபம் அவரவர் வாங்கிய சரக்கின் அளவுக்குத் தக்கபடி பகிர்ந்தளிக்கப்படும். பிற்காலத்தில், லாபத்தில் நூற்றுக்கு இரண்டரை பாகத்தை அங்கத்தினரின் கல்விக்கென ஒதுக்கி, வாசகசாலையும் நூல்நிலையமும் வைத்தனர். உலகெங்கும் இன்று கூட்டுறவு ஸ்தாபனங்கள் கைக்கொள்ளும் கொள்கைகளுக்கு அச்சிறு கடையின் விதிகளே அடிப்படையாயின. "என்ன லாபம்?" என்று கேட்போருக்கு முதல் விடை இது: ஏமாறாமல் அரிசி பருப்பு வாங்குவதுகூடத் தனி மனிதனால் ஆகாதிருந்த இடத்தில், இருபத்தெட்டுப் பேரால் அது ஆயிற்று.

நமது மாகாணத்தில்

நமது கிராமவாசிகளின் துன்பம் கடையைவிடக் கடனைப் பற்றியதாயிருந்தது. அதற்குப் பரிகாரம் தேடும்படி சென்னை சர்க்காரால் நியமிக்கப்பட்ட பிரடெரிக் நிக்கல்ஸன், ஐரோப்பிய நாடுகளின் நிலவர பாங்குகளையும் கிராமச் சங்கங்களையும் ஆராய்ந்து 1895-லும் 1897-லும் இரு பாகங்களாகத் தம் அறிக்கையை வெளியிட்டார். ஜெர்மனியில் ரைபைசன் என்பவர் ஏற்படுத்திய கிராமக் கடன் சங்கங்கள் அவர் கருத்தைப் பெரிதும் கவர்ந்தன. அச்சங்கங்களின் முறை எளிதானது. ஒருவரையொருவர் நன்கறிந்த ஒரே ஊரார் மட்டும் அங்கத்தினராவர். சங்கத்தின் கடனுக்கு எல்லோரும் சேர்ந்து பொறுப்பாளிகள். ஆதலின் கடன் வாங்கியவன் அதைக் கிணறு வெட்டினானா, வீண் செலவு செய்தானா என்பதை அண்டை வீட்டானே கவனித்துக்கொள்வான். ஏழைக்கு ஈடு காட்ட நிலமோ நகையோ இல்லாதபோது, அவனைப் பற்றி ஊரார் கொண்ட நம்பிக்கையே ஈடாக நின்றது.

1904-ம் வருஷம் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவின் திரூர் கிராமத்தில் ஒரு கடன் சங்கமும், காஞ்சீபுரத்தில் நகரச் சங்கமும் தோன்றின. சென்னைத் திருவல்லிக்கேணியிலோ, ஸ்ரீநிவாஸ சாஸ்திரியார் முதலியோர் முன்னின்று, ராச்டேல் வழியில் பண்டகசாலைச் சங்கமொன்றை அதே ஆண்டில் நிறுவினர். பிற்காலத்தில் இந்தியாவெங்கும் தோன்றிய பண்டகசாலைகளுக்கு அது முன்னோடியாயிற்று. சாஸ்திரியார் அப்பொழுது திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூலின் தலைமை ஆசிரியர். பெரிய தனவந்தர் ஒருவர் வந்து தர்மம் செய்வாரென்று காத்திராமல், மத்திய வகுப்பினர் தம் சில்லறையைத் தாமே சேர்த்து நடத்திய காரியம் அது என்பதை நாம் மறத்தலாகாது.

பெண்கள் கண்ட வழி

இவ்வழியின் மிக விரிந்த தோற்றத்தை நம் காலத்தில் பெண்களின் சுய உதவிக் குழுக்களிற் காண்கிறோம். 1989-ம் வருஷத்தில் சர்வதேச விவசாய அபிவிருத்தி நிதியின் உதவியோடு தர்மபுரி ஜில்லாவில் தொடங்கப்பெற்ற இம்முயற்சி, பின்னர் தமிழ்நாடு முழுதும் பரவிற்று. 1992-ல் இத்தகைய குழுக்களைப் பாங்குகளோடு இணைக்கும் திட்டத்தை நபார்டு வங்கி தேசமெங்கும் பரீக்ஷார்த்தமாகத் தொடங்கியது. பன்னிரண்டு முதல் இருபது வரையிலான பெண்கள் ஒரு குழுவாவர். குறித்த நாளிற் கூடுவர். எல்லோரும் ஒரே அளவாகச் சேமிப்புச் செலுத்துவர். சேர்ந்த தொகையிலிருந்து தமக்குள்ளேயே கடன் கொடுப்பர். வட்டியையும் தவணையையும் தாமே நிச்சயிப்பர். நடந்ததைத் தீர்மானப் புஸ்தகத்தில் எழுதிக் கையெழுத்திடுவர். சில மாதங்கள் இவ்வாறு ஒழுங்காக நடந்த பின்னர் பாங்கு அவர்களை நம்பி, ஈடின்றிக் கடன் தரும்.

இதன் பயனைக் கடன் தொகையைக் கொண்டு மட்டும் அளத்தல் தவறு. கைநாட்டு வைத்தவள் கையெழுத்திடக் கற்றாள். பாங்கின் படியேறத் தயங்கியவள் மானேஜர் முன் அமர்ந்து கணக்குக் கேட்டாள். குழுவிற் பேசிப் பழகிய நா, கிராம சபையிலும் குடிதண்ணீரைப் பற்றியும் ரேஷன் கடையைப் பற்றியும் பேசிற்று. சுயராஜ்யத்திற்கு வேண்டிய பழக்கங்களெல்லாம், அதாவது பிறர் சொல்வதைக் கேட்டல், மாறுபட்டுப் பேசுதல், பெரும்பான்மைக்கு இணங்குதல், பொதுப் பணத்திற்குக் கணக்குக் காட்டுதல் ஆகியவை, பாயை விரித்து அமர்ந்த அச்சிறு கூட்டத்திலேயே பயிலப்படுகின்றன. சங்கத்திற் சேர்வதன் இரண்டாவது லாபம் இப்பயிற்சியே.

உடல் நலத்திற்கும் இதில் பங்குண்டு. 148 ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்து 2010-ம் வருஷத்தில் அமெரிக்க அறிஞர் சிலர் வெளியிட்ட முடிவின்படி, மனிதரோடு நெருங்கிய உறவு உடையோர், அஃதில்லாதவரைவிட ஆராய்ச்சிக் காலத்தில் உயிரோடிருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காக இருந்தது. தனிமை மனத்தை மட்டுமன்றி உடலையும் வாட்டும் என்பது இதனால் விளங்கும்.

கதவு திறந்திருத்தல் வேண்டும்

ஆயினும் சங்கமென்று பெயர் வைத்த மாத்திரத்தில் நன்மை விளைந்துவிடுமென நாம் கூறவில்லை. தன் ஜாதியாரையும் தன் மதத்தாரையும் மட்டும் திரட்டும் சங்கம், உள்ளே அன்பையும் வெளியே பகைமையையும் வளர்க்கக் கூடும். இதற்கு நமது சரித்திரத்திலேயே கசப்பான பாடமொன்று உண்டு.

1918-ம் வருஷம் ஏப்ரல் 27-ந் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. செல்வபதி செட்டியாரும் இராமாநுஜுலு நாயுடுவும் அடிகோலினர். வாடியா தலைவராகவும், திரு. வி. கலியாணசுந்தர முதலியார் உபதலைவராகவும் அமைந்தனர். ஒழுங்காக அமைந்த தொழிற் சங்கங்களில் இந்தியாவில் இதுவே முதலாவதென்பர். 1920-ல் ஆலை முதலாளிகள் தொடுத்த வழக்கில் சென்னை ஹைகோர்ட்டு சங்கத் தலைவர்களுக்கு எதிராகத் தடையுத்தரவு பிறப்பித்தது. தொழிலாளரைச் சங்கமாகச் சேர்ப்பதற்கே சட்டப் பாதுகாப்பு இல்லையென்பது அதனால் தேசத்திற்கு வெளியாயிற்று. 1921-ல் மத்திய சட்டசபையில் என். எம். ஜோஷி இதுபற்றித் தீர்மானம் கொண்டுவந்தார். 1926-ல் தொழிற் சங்கச் சட்டம் நிறைவேறிற்று. பெரம்பூர்த் தொழிலாளரின் துன்பம் நாடெங்குமுள்ள தொழிலாளருக்கு உரிமையாக விளைந்தது.

ஆனால் அதே 1921-ல் நடந்த வேலை நிறுத்தம் தோல்வியுற்றது. ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குச் செல்ல, மற்ற ஹிந்துக்களும் முஸ்லிம்களும் வெளியே நின்றனர். புளியந்தோப்பில் கலகம் மூண்டது, குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிப் பிரயோகத்தில் உயிர்கள் மாண்டன. மாதக்கணக்கில் பட்டினி கிடந்தும் தொழிலாளர் கைக்கு எட்டியது ஒன்றுமில்லை. ஆலைக்குள் ஒரே தறிவரிசையில் நின்றவர்கள், வெளியே ஒரே தெருவில் வாழவில்லை. வருஷக்கணக்காக ஒதுக்கி வைக்கப்பட்டவரை நெருக்கடி நாளில் மட்டும் "சகோதரா!" என்றழைத்தால் அவர் எங்ஙனம் நம்புவார்? சேரவேண்டிய காலத்திற் சேராத குற்றம், போராட வேண்டிய காலத்தில் வெளிப்பட்டது.

இதற்கு மறுபக்கத்தையும் பார்ப்போம். அறிஞர் ஆசுதோஷ் வார்ஷ்ணே ஹிந்து-முஸ்லிம் கலகங்களை ஆராய்ந்து 2002-ம் வருஷத்தில் ஒரு நூல் வெளியிட்டார். ஜனத்தொகையில் முஸ்லிம்களின் விகிதம் ஏறத்தாழ ஒத்திருந்த நகரங்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டார். அலிகார் கலகத்திற்குப் பெயர்பெற்ற நகரமாயிருக்க, கோழிக்கோடு அமைதியாயிருந்தது ஏன்? கோழிக்கோட்டில் வர்த்தக சபைகள், தொழிற் சங்கங்கள், வாசகசாலைகள் முதலியவற்றில் இரு மதத்தாரும் கலந்திருந்தனர் என்பதே அவர் கண்ட முக்கிய காரணம். வதந்தி பரவும்போது அதை உடனே விசாரித்துப் பொய்யென்று சொல்ல அங்கு இரு பக்கத்திலும் அறிமுகமான மனிதர் இருந்தனர். அலிகாரில் அத்தகைய தொடர்பு மெலிந்திருந்தது. அண்டை வீட்டாரின் நற்குணம் சிறு சச்சரவைத் தணிக்கும். நகரமே கொதிக்கும் நாளில் அதைத் தணிக்க ஸ்தாபனங்கள் வேண்டும். சங்கத்தால் சமூகம் அடையும் பெரும் லாபம் இதுவே.

கணக்கும் திறந்திருத்தல் வேண்டும்

காஞ்சீபுரம் ஜில்லாவைச் சேர்ந்த உத்திரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்துச் சாஸனங்கள், 919, 921-ம் வருஷங்களைச் சேர்ந்தவை, இன்றும் உள்ளன. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்துக் குடவோலை மூலம் வாரிய அங்கத்தினரைத் தேர்ந்தெடுத்த முறையை அவை விவரிக்கின்றன. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்திற்கு ஒரு வாரியம் என வேலைகள் பகுக்கப்பட்டிருந்தன. நிலமும் மனையும் வேதப் பயிற்சியும் உடையோருக்கே அங்கு இடமுண்டு. ஆதலின் அது யாவர்க்கும் திறந்த சபையன்று. அக்குறையை மறைத்துப் பெருமை பேசுதல் தகாது. எனினும் அச்சாஸனத்தின் ஒரு விதி இன்றைய சங்கம் ஒவ்வொன்றின் சுவரிலும் எழுதத் தக்கது. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் தேர்தலுக்கு அருகனல்லன்; அவனுடைய நெருங்கிய உறவினரும் அருகரல்லர்!

நமது சங்கங்கள் பல இன்று கெட்டிருப்பது இவ்விடத்திலேதான். பொதுக்கூட்டத்திற்கு அங்கத்தினர் வருவதில்லை, வந்தவர் வரவு செலவைப் படிப்பதில்லை, படித்தவர் கேட்பதில்லை. பத்து வருஷமாய் ஒருவரே காரியதரிசி. பின்னர் பணம் மறைந்த செய்தி வந்ததும், "சங்கமென்றாலே மோசந்தான்" என்று கைகழுவி விடுகிறோம். கூட்டுறவுச் சங்கங்களைத் தேர்ந்தெடுத்த நிர்வாக சபையின்றித் தனி அலுவலர்களே நடத்திய நீண்ட காலங்கள் நமது மாகாணத்தில் இருந்திருக்கின்றன. அப்பொழுதும் அங்கத்தினரிற் பெரும்பாலோர் தம் உரிமை போனதாகவே உணரவில்லை. 2010-ல் ஆந்திரத்தில் சிறுகடன் கம்பெனிகள் குழுக்களின் உருவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கடனைத் திணித்தபோது விளைந்த துன்பத்தையும் நாம் கண்டோம். சொந்தச் சேமிப்பும் சொந்தக் கணக்கும் இல்லாத குழு, பிறர் கையில் வசூல் செய்யும் கருவியாகி விடுகிறது. சங்கத்தைக் கெடுப்பவன் திருடும் காரியதரிசி ஒருவன் மட்டுமல்லன். அவனிடம் கணக்குக் கேளாத அங்கத்தினர் நூறு பேருமாவர்.

சங்கம் அமைக்கும் உரிமையை நமது அரசியல் சாஸனம் 19-வது ஷரத்தில் பிரஜைகளுக்கு உறுதி செய்துள்ளது. ஆனால் உபயோகிக்கப்படாத உரிமை துருப்பிடிக்கும். ஆகவே தமிழ் மக்களுக்கு நாம் கூறும் யோசனை சிறியதே. ஒவ்வொருவரும் தம் தொழிலுக்கோ ஊருக்கோ உரிய ஒரு சங்கத்திலேனும் இவ்வாண்டு சேர்வாராக. பத்துச் சங்கங்களுக்குச் சந்தா கொடுத்து ஒன்றிற்கும் போகாதிருப்பதைவிட, ஒன்றிற் சேர்ந்து அதன் எல்லாக் கூட்டங்களுக்கும் போவது மேல். அங்கே, இவ்வூரில் வாழ்ந்தும் இச்சங்கத்தில் இல்லாதவர் யார், அவரை வெளியே நிறுத்தியது எது என்று பார்ப்பாராக. வரவு செலவுத் திட்டம் வாசிக்கப்படும்போது எழுந்து நின்று ஒரு கேள்வியேனும் கேட்பாராக. "எனக்கென்ன லாபம்?" என்று வாயிலில் நின்று கேட்டவர், உள்ளே புகுந்து "நமது கணக்கு எங்கே?" என்று கேட்கும் நாளில்தான் சங்கம் உயிர் பெறும்.