கால் தரையைத் தொடாமல் ஒரு வாக்கிங்!

“முட்டி வலிக்குது... வாக்கிங் எல்லாம் இனிமே நம்மால ஆகாதுப்பா!”

உங்கள் வீட்டிலும் இந்தக் குரல் கேட்கிறதா? அம்மா, மாமியார், ஏன்... நாற்பத்தைந்தைத் தாண்டிய நீங்களேகூட இப்படிச் சொல்லியிருக்கலாம். முட்டி மட்டும்தான் காரணமா என்ன? ராஜபாளையத்தில் விடிகாலையில் மதுரை - தென்காசி ரோட்டோரம் நடக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். லாரிக்கு ஒதுங்க வேண்டும், பஸ்ஸுக்கு ஒதுங்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. சித்திரையில் எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கும். நாய்த் தொல்லை தனி. (ராஜபாளையம் நாய் உலகப் பிரசித்தம்தான். ஆனால், காலையில் உங்களைத் துரத்துவது அந்த ஜாதி நாய் இல்லை, சாதாரணத் தெரு நாய்!)

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் கொஞ்சம் கொடுத்து வைத்தவர்கள். ஆண்டாள் கோயிலின் பதினோரு நிலைக் கோபுரத்தைப் பார்த்தபடியே தேரோடும் வீதிகளைச் சுற்றி வந்துவிடலாம். அங்கேயும், “நாலு பேர் பார்ப்பாங்களே!” என்று வீட்டுக்குள்ளேயே தங்கிவிடுகிற பெண்கள் நிறையப் பேர்.

இவர்களுக்கெல்லாம் கடைக்காரர் கைகாட்டுகிற மெஷின்தான் எலிப்டிகல் டிரெய்னர். ‘கிராஸ் டிரெய்னர்’ என்றும் சொல்வார்கள். “முட்டிக்கு ஒண்ணும் ஆகாது சார், தைரியமா வாங்கிட்டுப் போங்க!” என்பார். பத்தாயிரத்தில் ஆரம்பித்து லட்சத்தைத் தாண்டியும் போகிற விலை. கொடுக்கலாமா?

முதலில் மெஷினைப் பார்த்துவிடுவோம். இரண்டு பெரிய பெடல்கள். அதில் நின்றுகொண்டு மிதித்தால் பாதம் நீள்வட்டமாகச் சுற்றி வரும். கூடவே இரண்டு நீளக் கைப்பிடிகள் முன்னும் பின்னும் ஆடும். உள்ளே கனமான ஒரு சக்கரம் இருக்கிறது. மில்லில் வேலை பார்த்தவர்களுக்குப் பட்டென்று புரியும்: கனமான சக்கரம் ஒரு தடவை வேகம் பிடித்துவிட்டால் தானே இழுத்துக்கொண்டு போகுமே, அதே சங்கதி. பிரிகோர் என்ற அமெரிக்கக் கம்பெனி 1995-ல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதை உருவாக்கிய எஞ்சினீயர், தன் மகள் ஓடுவதைக் காரில் கூடவே போய்ப் படம் பிடித்து, கால் போகும் பாதையை வரைந்து பார்த்தாராம்.

இதில் உள்ள பெரிய நல்ல விஷயம், பாதம் பெடலை விட்டு எழும்புவதே இல்லை என்பதுதான். ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு அதிர்ச்சி தரையிலிருந்து காலில் ஏறுகிறது. எலிப்டிகலில் அந்த ‘தொம் தொம்’ கிடையாது. இதயமும் நுரையீரலும் நன்றாக வேலை செய்யும், கைக்கும் தோளுக்கும் சேர்த்துப் பயிற்சி கிடைக்கும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னொரு லாபம். உழைத்த தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அந்தப் பலன் ஒரு நாள்போல நீடிக்கும். அதனால்தான் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள் என்கிறார்கள் டாக்டர்கள்.

முட்டிக்கு நிஜமாகவே ஒன்றும் ஆகாதா?

கடைக்காரர் சொன்னது பாதி உண்மை.

அமெரிக்காவில் கலிபோர்னியாவில், மூட்டு மாற்று ஆபரேஷன் செய்தவர்களின் செயற்கை மூட்டுக்குள்ளேயே குட்டி அளவுமானியைப் பொருத்தி, எந்தப் பயிற்சியில் மூட்டு எவ்வளவு சுமக்கிறது என்று அளந்து பார்த்தார்கள். மெதுவோட்டத்தில் உடல் எடையைப் போல மூன்று மடங்கும் அதற்கு மேலும். நடையில் ஏறத்தாழ இரண்டு மடங்கு. எலிப்டிகலில்? அதுவும் ஏறத்தாழ இரண்டு மடங்குதான்! நின்ற இடத்தில் ஓட்டுகிற சைக்கிளில்தான் மிகக் குறைவு, உடல் எடை அளவையொட்டி.

காரணம் எளிது. சைக்கிளில் உங்கள் எடையை சீட் தாங்குகிறது. எலிப்டிகலில் நீங்கள் நின்றுகொண்டுதானே இருக்கிறீர்கள்? தரை அடிக்கிற அதிர்ச்சி இல்லையே தவிர, மடங்கிய முட்டி உடம்பைத் தாங்கித்தான் ஆகவேண்டும். ஆகவே ஓட்டத்தால் முட்டி வலி வந்தவருக்கு எலிப்டிகல் நல்ல மாற்று. பத்தடி நடந்தாலே வலிக்கிற அம்மாவுக்கு இதிலும் வலிக்கலாம். அவருக்குப் பாதி விலையில் ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுப்பது புத்திசாலித்தனம். பெடலைப் பின்பக்கமாக மிதிக்கவும் இந்த மெஷினில் வசதி உண்டு. தொடையின் முன்தசைக்கு நல்ல வேலைதான். ஆனால், முட்டிச் சில்லைச் சுற்றி வலி உள்ளவர்கள் அந்தப் பக்கமே போகவேண்டாம்.

பால்கோவா கணக்கு

எடை குறையுமா? எல்லோரும் கேட்கிற கேள்வி இது. எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் மிதமான வேகத்தில் அரை மணி நேரம் மிதித்தால் சுமார் 175 கலோரி செலவாகும். அதே ஆள் அரை மணி நேரம் விறுவிறுவென்று நடந்தால் 150. வித்தியாசம் 25 கலோரி, அதாவது டீயில் போடுகிற ஒன்றரை ஸ்பூன் சர்க்கரை!

இன்னொரு கணக்கும் போடலாமா? ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. சந்தோஷம். பாலும் சர்க்கரையுமாகச் சுண்டக் காய்ச்சிய அந்தப் பண்டத்தில் நூறு கிராமுக்கு 350 கலோரியை ஒட்டி வரும். அரை மணி நேரம் வியர்க்க விறுவிறுக்க மிதித்தது ஐம்பது கிராம் பால்கோவாவில் போய்விடும். சாப்பிடாதீர்கள் என்று சொல்ல எனக்கே மனசு வராது... கணக்கு தெரிந்து சாப்பிடுங்கள்! மெஷினின் திரையில் 300, 350 என்று ஓடுகிற எண்ணை நம்பி இரண்டாவது கரண்டி எடுக்காதீர்கள். பெரும்பாலான மெஷின்கள் தாராளமாகவே கணக்குக் காட்டும். கைப்பிடியில் சாய்ந்துகொண்டு மிதித்தாலோ, உழைப்பு இன்னும் குறைவு.

வேகம் போதுமா என்று பார்க்க திரையே வேண்டாம். ஆண்டாள் ஊர் வழி ஒன்று இருக்கிறது. மிதித்துக்கொண்டே ஒரு திருப்பாவைப் பாசுரத்தை மூச்சு வாங்காமல் பாட முடிந்தால், வேகம் போதாது. பக்கத்திலிருப்பவரிடம் இரண்டு வாக்கியம் பேசக்கூட முடியாவிட்டால், வேகம் அதிகம். நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் பத்து நிமிஷம் போதும். போகப் போகக் கூட்டி, வாரத்துக்கு 150 நிமிஷம் வரை வாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன குறைந்தபட்ச அளவு அது.

மெஷின் தராதது எலும்பு பலம். எலும்பு ஒரு விநோதமான பொருள், தட்டினால்தான் கெட்டியாகும். தரையின் அதிர்ச்சி முட்டிக்கு எதிரி, எலும்புக்கோ சிநேகிதி! மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு எலும்பு வேகமாகத் தேய்கிற காலம் அது. அவர்கள் எலிப்டிகலை மட்டும் நம்பியிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. முட்டி ஒத்துழைத்தால் வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது தரையில் நடக்கட்டும். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காரட்டும். காசில்லாத பயிற்சி!

இன்னொரு குறையை சதுரகிரி போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆடி அமாவாசைக்கு தாணிப்பாறை அடிவாரத்திலிருந்து மலையேற, “ஒரு மாசமா மெஷின்ல மிதிச்சுட்டேன்” என்று கிளம்புவார்கள். ஏறுவதற்கு மூச்சு இருக்கும். இறங்கும்போதுதான் தொடை வெடவெடவென்று நடுங்கும். இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பைப் பிடித்து நிறுத்த வேண்டும், பிரேக் மாதிரி. எலிப்டிகலில் சக்கரமே காலைக் கொண்டுபோய் விடுவதால் அந்த பிரேக் வேலை தசைக்குப் பழகுவதே இல்லை. எனவே மெஷினோடு, வீட்டு மாடிப்படியில் நிதானமாக இறங்கியும் பழகுங்கள்.

யாருக்கு டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான்? இதய நோய், அதிக ரத்த அழுத்தம், தலைசுற்றல் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், மூட்டு ஆபரேஷன் ஆனவர்கள். பி.பி.யும் சுகரும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துவிடலாம். மிதிக்கும்போது நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை... உடனே நிறுத்துங்கள். ‘வாயு’ என்று பெருங்காயம் தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். இன்சுலினோ, சுகரைக் கீழிறக்குகிற மாத்திரையோ எடுப்பவர்கள் பக்கத்தில் குளுக்கோஸ் வைத்துக்கொள்வது அவசியம். படபடப்பு வந்தால் பால்கோவா உதவாது. அதிலுள்ள கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் சேருவதைத் தாமதப்படுத்தும்.

நம் வீடுகளில் வெறுங்காலோடு ஏறுகிற பழக்கம் இருக்கிறது. வேண்டாம். பாதம் எழும்பாமல் ஒரே இடத்தில் அழுந்துவதால் அரை மணியில் விரல்கள் மரத்துப்போகும். சுகரால் பாத உணர்ச்சி குறைந்தவர்களுக்குக் கொப்புளம் வந்தாலும் தெரியாது. ஷூ போட்டு, லேஸைக் கொஞ்சம் தளர்த்தி, அவ்வப்போது குதிகாலுக்கு எடையை மாற்றுங்கள். புடவைத் தலைப்பையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். சின்னக் குழந்தைகள் கிட்டே வரக்கூடாது. பெடல் இடுக்கில் விரல் மாட்டினால் சக்கரம் சட்டென்று நிற்காது.

இவ்வளவுக்குப் பிறகும் வேண்டும் என்றால், முதலில் ஒரு மாதம் ஏதாவது ஜிம்மில் பணம் கட்டி மிதித்துப் பாருங்கள். வாங்கின மூன்றாம் மாதம் துண்டு காயப்போடுகிற கொடியாக மாறிய மெஷின்கள் எத்தனை வீட்டில்! கடைக்குப் போனால் நீங்களே ஏறி ஐந்து நிமிஷமாவது மிதியுங்கள். விலை குறைந்த மெஷினில் அடியின் நீளம் பெரும்பாலும் குறைவு. உயரமானவர்களுக்கு நடப்பது போலில்லாமல் படியில் நொண்டுவது போலிருக்கும். கிளம்பும் முன் வீட்டில் டேப் பிடித்து அளந்துவிடுங்கள். பெடலில் ஏறினால் உங்கள் உயரத்தோடு ஒன்றரை அடி கூடும். பழைய ஓட்டு வீடு, தாழ்ந்த பரண் என்றால் தலை இடிக்கும். மெஷினை எங்கே வேண்டுமானாலும் போடுங்கள்... ஃபேனுக்கு நேர் கீழே மட்டும் வேண்டாம்!