கப்பல் தொட்டிக் காற்றுக்குழாய்

கப்பல் தொட்டிக் காற்றுக்குழாய் என்பது பாலஸ்ட் நீர், நன்னீர், எரிபொருள் முதலியவற்றைக் கொண்ட தொட்டிகளின் உச்சியிலிருந்து திறந்த தளத்திற்கு வரும் குழாய் ஆகும். தொட்டி நிரம்பும்போது உள்ளிருக்கும் காற்று இதன் வழியே வெளியேறுகிறது. காலியாகும்போது வெளிக்காற்று உள்ளே செல்கிறது. குழாய் அடைபட்டால், நிரப்பும்போது பம்பின் அழுத்தத்தால் தொட்டியின் தகடுகள் புடைக்கும். நீரை இறைக்கும்போது உள்ளே அழுத்தம் குறைவதால் தகடுகள் உட்புறமாக வளையும்.

அமைப்பு

1966 ஆம் ஆண்டின் பன்னாட்டுச் சுமைக்கோட்டு உடன்படிக்கையின்படி, காற்றுக்குழாயின் உயரம் பொதுவாக ஃப்ரீபோர்டு தளத்தில் 760 மி.மீ., மேற்கட்டுமானத் தளத்தில் 450 மி.மீ. இருக்க வேண்டும். குழாயின் தலைப்பகுதியில் ஒரு மிதவை உண்டு. அலை மேலேறும்போது நீர் மிதவையை உயர்த்தி, வாயை அடைத்துவிடும். எரிபொருள் தொட்டிகளின் குழாய்களில் தீப்பொறி உள்ளே செல்லாதபடி நுண்ணிய கம்பிவலையும் பொருத்தப்படுகிறது.

டெர்பிசையர் விபத்து

பிரித்தானியச் சரக்குக் கப்பலான டெர்பிசையர் 1980 செப்டம்பரில் சப்பானுக்கு அருகே ஆர்க்கிட் சூறாவளியில் மூழ்கியது. கப்பலிலிருந்த 44 பேரும் இறந்தனர். சிதைவுகள் 1994 இல் கண்டறியப்பட்டன. 2000 ஆம் ஆண்டில் முடிந்த மறுவிசாரணை, முன்தளத்திலிருந்த காற்றோட்டக் குழாய்களும் காற்றுக்குழாய்களும் அலைகளால் உடைந்து, அவ்வழியே நீர் புகுந்ததே முதற்காரணம் என முடிவு செய்தது. முன்பகுதி தாழ்ந்தபின் சரக்கறை மூடிகள் அலைகளின் தாக்குதலைத் தாங்கவில்லை.

ஆய்வு

குழாய் தளத்துடன் இணையும் அடிப்பகுதி எளிதில் துருப்பிடிக்கும். பெயிண்டுக்கு அடியில் துரு மறைந்திருக்கக்கூடும் என்பதால் சுத்தியலால் தட்டிப் பார்க்கின்றனர். தேவையானால் தகட்டின் தடிமனை அளக்கின்றனர். வெளிப்பார்வை மட்டும் போதாது. தலைப்பகுதியைத் திறந்து கீழ்க்கண்டவற்றைச் சோதிக்க வேண்டும்:

- மிதவையில் விரிசல் உள்ளதா, அதனுள் நீர் புகுந்துள்ளதா
- மிதவை தடையின்றி மேலும் கீழும் அசைகிறதா
- ரப்பர் வளையம் இறுகியோ கிழிந்தோ உள்ளதா
- கம்பிவலை கிழிந்துள்ளதா, உப்பு படிந்து அடைபட்டுள்ளதா

பராமரிப்பு

பெயிண்ட் அடிக்கும்போது கம்பிவலையின் மேல் படாமல் காக்க வேண்டும். அதன் கண்கள் அடைபட்டால் காற்று செல்லாது. வேலைக்காகக் குழாயின் வாயைத் துணியால் கட்டியிருந்தால், பம்பை இயக்குமுன் அவிழ்த்துவிட வேண்டும். எரிபொருள் தொட்டிக் குழாய்களின் அருகே முறையான அனுமதியின்றி வெல்டிங் செய்யக்கூடாது. ஒவ்வொரு குழாயிலும் தொட்டியின் பெயர் தெளிவாக இருப்பது அவசியம். சேதமடைந்த குழாயை அவசரத்தில் அடைக்கும்போது, எந்தத் தொட்டிக்குரியது என்பதை உடனே அறிய இதுவே உதவும்.