பானெட்டுக்குள் கீச்சிடுவது எது?

காலையில் காரை ஸ்டார்ட் செய்ததும் பானெட்டுக்குள்ளிருந்து எழும் கீச்சொலிக்குப் பெரும்பாலும் பெல்ட்தான் காரணம். தளர்ந்த ரப்பர் பெல்ட் புல்லியைச் சீராகப் பற்றாமல், பற்றுவதும் வழுக்குவதுமாக மிக வேகமாக அதிர்கிறது. வயலின் வில் தந்தியை ஒலிக்கச் செய்வதும் இதே முறையில்தான். இனிமைதான் இங்கே இல்லை. ஸ்டார்ட் செய்ய பேட்டரி இழந்த மின்சாரத்தை, பெல்ட் சுழற்றும் ஆல்டர்னேட்டர் ஈடுகட்டும்போது பெல்ட்டின் சுமை கூடுவதால், முதல் சில நிமிடங்களில் சத்தம் அதிகம். கையை எட்ட வைத்து, ஓடும் பெல்ட்டில் சிறிது தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம். சத்தம் கூடினால் பெல்ட்டின் இறுக்கம் போதவில்லை. சற்று நேரம் அடங்கினால் புல்லிகள் நேர்கோட்டில் இல்லை.

கீச்சொலிக்குப் பதில் ‘டிக் டிக்’ என்று கேட்டால், கவனிக்க வேண்டியது தாளம். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட், கிராங்க்ஷாஃப்ட்டின் பாதி வேகத்தில் சுற்றும். இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடினால் ஒரு வால்வு 400 முறைதான் திறக்கும். அந்தப் பாதித் தாளத்தில் மெல்லத் தட்டினால், வால்வை இயக்கும் டேப்பட்டைச் சந்தேகிக்கலாம். முதலில் ஆயில் அளவைப் பார்ப்பது நல்லது. முழுத் தாளத்தில் கனமாக ‘டொக் டொக்’ என்று இடித்தால் கனெக்டிங் ராட் பேரிங் தேய்ந்திருக்கக்கூடும். அப்போது இன்ஜினை உடனே நிறுத்திவிட வேண்டும்.