நோயுற்ற விலங்குகளுக்கான மக்கள் மருந்தகம்

நோயுற்ற விலங்குகளுக்கான மக்கள் மருந்தகம் (சுருக்கமாக பி.டி.எஸ்.ஏ.) என்பது, மருத்துவக் கட்டணம் செலுத்த இயலாதவர்களின் வளர்ப்பு விலங்குகளுக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை அளிக்கும் பிரித்தானியத் தொண்டு நிறுவனம் ஆகும். இது 1917 ஆம் ஆண்டு மரியா டிக்கின் (1870–1951) என்பவரால் இலண்டனில் தொடங்கப்பட்டது. உரிமையாளரின் சமூக, பொருளாதார நிலை விலங்கின் நலனை எவ்வாறு பாதிக்கிறது என்பதற்கு இதன் வரலாறு ஓர் எடுத்துக்காட்டாகும்.

தோற்றம்

கிழக்கு இலண்டனின் ஏழை மக்களிடையே சமூகப் பணி செய்துவந்த டிக்கின், அங்கு நாய்களும் பூனைகளும் காயத்தோடும் நோயோடும் சிகிச்சையின்றி இருப்பதைக் கண்டார். வண்டி இழுக்கும் கழுதையோ குதிரையோ நோயுற்றால் குடும்பத்தின் பிழைப்பும் கெட்டது. மருத்துவக் கட்டணம் அம்மக்களுக்கு எட்டாததாக இருந்தது. முதலாம் உலகப் போர் நடைபெற்றுக்கொண்டிருந்த 1917 நவம்பர் 17 அன்று, வைட்சாப்பல் பகுதியில் ஒரு நிலவறையில் அவர் இலவச மருந்தகத்தைத் திறந்தார். கூட்டம் பெருகியதால் விரைவிலேயே அது பெரிய இடத்திற்கு மாற்றப்பட்டது. பின்னர் குதிரை பூட்டிய நடமாடும் மருந்தகமும் செயற்பட்டது.

தொடக்க காலத்தில் முறையான பட்டம் பெறாதவர்களும் இங்கு சிகிச்சை அளித்தமையால் கால்நடை மருத்துவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். இன்று பதிவு பெற்ற மருத்துவர்களே பணிபுரிகின்றனர்.

வறுமையும் விலங்கு நலனும்

பிரித்தானியாவில் மனிதர்களுக்கு உள்ளது போன்ற அரசு இலவச மருத்துவச் சேவை வளர்ப்பு விலங்குகளுக்கு இல்லை. செலவை உரிமையாளரோ அவர் எடுத்த காப்பீடோ ஏற்க வேண்டும். வருவாய் குறைந்த குடும்பங்களில் தடுப்பூசி, கருத்தடை போன்றவை தள்ளிப்போகின்றன. தடுத்திருக்கக்கூடிய நோய் முற்றும்போது செலவு மேலும் உயர்கிறது. இந்நிலையில் விலங்கைக் கைவிடுதல் அல்லது கருணைக்கொலை செய்தல் மட்டுமே சிலருக்கு வழியாகிறது.

இங்கிலாந்து, வேல்சு ஆகியவற்றுக்கான 2006 ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், தகுந்த உணவு, இருப்பிடம், நோயிலிருந்து பாதுகாப்பு முதலியவற்றை அளிக்கும் கடமையை உரிமையாளர் மீது சுமத்துகிறது. கடமை அனைவருக்கும் ஒன்றே. அதை நிறைவேற்றும் வசதி ஒன்றல்ல. அக்கறையின்மையால் நேரும் புறக்கணிப்பையும் பணமின்மையால் நேரும் புறக்கணிப்பையும் வேறுபடுத்திப் பார்ப்பது இதனால் முக்கியமாகிறது. முன்னதற்குத் தண்டனை பொருந்தலாம். பின்னதற்கு உதவியே தீர்வாகும்.

தகுதி

அரசின் குறிப்பிட்ட உதவித்தொகைகளைப் பெறுவோரும் மருத்துவமனையின் சேவைப் பகுதிக்குள் வசிப்போருமே பொதுவாக இலவச சிகிச்சைக்குத் தகுதி பெறுகின்றனர். ஆகவே வருவாய் வரம்பைச் சற்றே கடந்தவர்களும் தொலைவில் வசிப்பவர்களும் விடுபட நேரிடுகிறது.

டிக்கின் பதக்கம்

போர்க்காலத்தில் வீரச்செயல் புரிந்த விலங்குகளுக்கான டிக்கின் பதக்கத்தை இந்நிறுவனம் 1943 முதல் வழங்கி வருகிறது. 1949 வரை இதைப் பெற்ற 54 விலங்குகளில் 32 புறாக்கள் ஆகும்.