17 கொக்குகளும் ஒரு திருவிழாவும்

பள்ளி ஆண்டு விழா என்றால் உங்களுக்கு ஆட்டமும் பாட்டும்தான் ஞாபகம் வரும். ஆசிரியராக இருந்த எனக்கோ அதற்கு முந்தைய வாரம்தான் ஞாபகம் வருகிறது. பெஞ்சு தூக்கியவர்கள், தோரணம் கட்டியவர்கள், திரை இழுத்த பையன்... இவர்களில் பாதிப் பேர் விழாவைச் சரியாகப் பார்த்திருக்கவே மாட்டார்கள்! அப்படி ஒரு விழாவுக்கு முன்னால் உழைப்பவர்களைப் பற்றித்தான் இன்று சொல்லப் போகிறேன். விழா நடப்பது அமெரிக்காவில். விழா நாயகர்கள் யார் தெரியுமா? கொக்குகள்!

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம் பெரும்பாலும் வறண்ட பூமி. அதன் நடுவே ரியோ கிராண்டே என்ற ஆறு ஓடுகிறது. ஆற்றங்கரையில் சுமார் 57,000 ஏக்கரில் இருக்கிறது 'போஸ்கே தெல் அபாச்சே' வனவிலங்குப் புகலிடம். ஸ்பானிய மொழியில் இதற்கு 'அபாச்சேக்களின் காடு' என்று பொருள். அபாச்சேக்கள் அந்த நாட்டின் பழங்குடி மக்கள்.

1939ல் இந்தப் புகலிடம் ஏற்படுத்தப்பட்டது. 1941ல் குளிர்காலத்தைக் கழிக்க இங்கே வந்த சாண்ட்ஹில் கொக்குகளை எண்ணினார்கள். எத்தனை இருந்தன? வெறும் 17! இன்று ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஆயிரக்கணக்கில் வருகின்றன. இதைக் கொண்டாடத்தான் ஆண்டுதோறும் 'கொக்குத் திருவிழா' நடக்கிறது.

சாண்ட்ஹில் கொக்கு நம் வயலில் நிற்கும் வெள்ளைக் கொக்கு போல இருக்காது. சாம்பல் நிறம், சுமார் 4 அடி உயரம். இறக்கையை விரித்தால் 6 அடி! நெற்றியில் சிவப்பாகத் தெரிவது இறகு அல்ல, வெறும் தோல்.

புகலிடத்தில் சம்பளம் வாங்கும் ஊழியர்கள் குறைவு. அதனால் தொண்டர்கள் வருகிறார்கள். பலர் பணி ஓய்வு பெற்ற தாத்தா பாட்டிகள். படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் பெரிய வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து, சில மாதங்கள் அங்கேயே தங்குகிறார்கள். வண்டி நிறுத்த இடம், தண்ணீர், மின்சாரம் எல்லாம் இலவசம். பதிலுக்கு வாரத்தில் சில நாள் வேலை. (எனக்கும் ஆசைதான், ஆனால் அவ்வளவு பெரிய வண்டியை யார் ஓட்டுவது?)

விழா நெருங்கினால் வேலை குவிந்துவிடும். நடைபாதை ஓரப் புல்லை வெட்ட வேண்டும். பார்வை மேடையைப் பழுது பார்க்க வேண்டும். சவுக்கு மரம் போலத் தெரியும் 'உப்பு சீடர்' என்ற அந்நியச் செடியையும் பிடுங்க வேண்டும். மண் அரிப்பைத் தடுக்க ஆசியப் பக்கத்திலிருந்து கொண்டுபோன செடி அது, ஆற்றங்கரையையே பிடித்துக்கொண்டது. அங்கிருந்து இங்கே வந்த சீமைக் கருவேலம் நம்மைப் படுத்துகிறதே, அதே கதைதான்!

பறவை காட்ட அழைத்துப் போகும் தொண்டர்களுக்குப் பாடமும் உண்டு. கூட்டத்தில் குஞ்சை எப்படிக் கண்டுபிடிப்பது? தலை பழுப்பாக இருக்கும், சிவப்பு இருக்காது. பெரிய கொக்கு எக்காளம் ஊதுவது போலக் கத்தும். குஞ்சு விசில் அடிப்பது போல 'கீச்' என்னும். முதல் குளிர்காலம் முழுவதும் குஞ்சு அப்பா அம்மாவை விட்டு நகராது. எனவே மூன்று பேராக நடந்தால் அது ஒரு குடும்பம்!

ஆனால் உண்மையான ஏற்பாடு விழாவுக்குப் பல மாதம் முன்பே தொடங்கிவிடுகிறது. கோடையில் சில குளங்களை வடியவிட்டு, புல்பூண்டு முளைத்து விதை பிடிக்க விடுகிறார்கள். இலையுதிர் காலத்தில் மதகைத் திறந்து தண்ணீரை நிரப்புகிறார்கள். தண்ணீர் கணுக்கால் அளவே நின்றால் போதும். கொக்கு அதில் நின்றபடியே தூங்கும். நரி போன்ற கொயோட்டி திருட்டுத்தனமாக வந்தால் 'சளக்' என்ற சத்தம் காட்டிக் கொடுத்துவிடும் அல்லவா? கோடையில் ஆறே வறண்டுபோகும் ஆண்டுகளும் உண்டு. அப்போது எந்தக் குளத்துக்கு எவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் போடுவது பெரும் தலைவலி.

சாப்பாட்டுக்கு மக்காச்சோளம் பயிரிடுவதும் இங்கே வழக்கம். அறுவடை செய்வதில்லை. தட்டைகளை டிராக்டரால் சாய்த்துவிட்டால் கொக்குகள் கதிரைக் கொத்தித் தின்னும். விழாக் கூட்டம் கண்குளிரப் பார்க்கட்டுமே என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் சாய்த்துவிட்டால் என்ன ஆகும்? ஜனவரியில் தின்ன ஒன்றும் இருக்காது. பசித்த கொக்குகள் பக்கத்து விவசாயிகளின் வயலில் இறங்கும். அவர்கள் கோபப்படுவார்களா இல்லையா? அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாய்க்கிறார்கள்.

விழா நாளன்று விடியும் முன்பே குளக்கரையில் கூட்டம் கூடிவிடும். கை விறைக்கும் குளிர். சில நாள் குளமே உறைந்து, கொக்குகள் பனிக்கட்டியில் வழுக்கி வழுக்கி நடக்கும்! ஒரு கொக்கு கழுத்தை முன்னால் நீட்டிச் சாய்ந்து நின்றால் பறக்கப் போகிறது என்று அர்த்தம். "அதோ, அதைப் பாருங்கள்" என்று தொண்டர்கள் மெதுவாகச் சொல்வார்கள். அடுத்த நொடி அது தண்ணீரில் ஓடி மேலே எழும்பும். பின்னாலேயே மற்றவை.

விழா முடிந்து கார்கள் போன பிறகும் தொண்டர்களுக்கு வேலை மிச்சம் இருக்கும். நாற்காலிகளை மடித்து, பலகைகளை எடுத்து வைக்க வேண்டும். அந்தப் பக்கம் வயலில், ஜனவரிக்கான சோளம் இன்னும் சாயாமல் நின்றுகொண்டிருக்கும்.